பதினைந்து நாளில் இறங்க வேண்டிய பிரஷர்

வாடிப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பஸ் ஓட்ட ஆள் கேட்டிருந்தார்கள். லைசென்ஸ் சரி, பேட்ஜ் சரி. எட்டாவதோடு நின்றதை யாரும் கேட்கவில்லை. டாக்டர் சர்டிபிகேட் மட்டும் பாக்கி. டாக்டரம்மா என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். நூற்று அறுபதுக்கு நூறு. இன்னொரு தடவை பார்த்தார். அதேதான்.

“பிள்ளைங்க ஏறுற வண்டி. இதை வச்சுக்கிட்டு நான் கையெழுத்துப் போட முடியாது” என்றார். உப்பைக் குறைக்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும், பீடியை விட வேண்டும், நேரத்துக்குத் தூங்க வேண்டும். பதினைந்து நாள் கழித்தும் இறங்கவில்லை என்றால் மாத்திரை. பள்ளிக்கூடத்து மேனேஜரும் அந்தப் பதினைந்து நாள்தான் பொறுப்பேன் என்றார்.

எனக்கு நாற்பத்தேழு வயது. திருப்பூர் சாயப்பட்டறை, கேரளாவில் ரப்பர் தோட்டம், ஓசூர்ப் பக்கம் செங்கல் சூளை, பிறகு லாரி. எங்கேயும் இரண்டு வருடம் தாண்டியதில்லை. பிடிக்காவிட்டால் கிளம்பிவிடுவேன். கிளம்புவதற்கு உடம்பு இருந்தது. இப்போது ஓர் இடத்தில் இருக்கலாம் என்று நினைத்தபோது அந்த உடம்பே குறுக்கே நின்றது. என்னோடு லாரி ஓட்டிய ஒருவருக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. காலையில் இடது கை மரத்திருந்தால் விரல்களை மடக்கி மடக்கிப் பார்ப்பேன்.

வில்லாபுரத்தில் ஒரு தையல்காரரோடு அறையைப் பகிர்ந்திருந்தேன். பழைய டவுன்காரர், எல்லோருக்கும் பாய். சமையல் அவர் கை. எனக்காக உப்பில்லாமல் குழம்பு வைத்தார்.

“பிரஷர் ஒனக்கு மாப்ள. தண்டனை எனக்கா?” என்பார். ஆனாலும் தனக்கென்று தனியாக உப்புப் போட்டுக்கொள்ள மாட்டார். நான் பார்த்து ஏங்குவேனாம்.

அந்த நாட்களில் பரவை மார்க்கெட்டில் மூட்டை இறக்கப் போனேன். அறையிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை நடை, அப்புறம் பஸ். பீடியை முதல் நாளே விட்டுவிட்டேன். கை சும்மா இருக்க முடியாமல் சட்டைப் பித்தானைத் திருகும். திரும்பி வரும் வழியில் ஒரு மெடிக்கலில் பிரஷர் பார்ப்பேன். நூற்று அறுபத்திரண்டு. மறுநாள் நூற்று ஐம்பத்தெட்டு. அடுத்த நாள் நூற்று அறுபத்தாறு.

“நேத்தும் வந்தீங்கல்லண்ணே?” என்றது அங்கே நின்ற பெண்.

“மெஷின் சரியாத்தான் இருக்கா தாயி?”

“உங்களுக்கு மட்டுந்தான் கூடக் காட்டுது.”

எல்லாம் சொன்னபடி செய்தும் இறங்கவில்லை என்றால் உள்ளே வேறு ஏதோ கெட்டிருக்கிறது என்று நினைத்தேன். படுத்தால் காதுக்குள் துடிப்பு கேட்டது. தூக்கம் போனது.

பதினோராம் நாள் பாய் பரவைக்கு வந்தார். அக்கா மகள் நிக்காவுக்கு வெங்காயம் விலை கேட்க வந்தவர், மோர் வண்டி முன்னால் என்னைப் பார்த்தார். ஒரு லாரி வெங்காயம் இறக்கி முடித்திருந்தோம். இறக்கியவுடன் மோர் குடிப்பது அங்கே வழக்கம். மோர்க்காரர் டம்ளருக்கு அரை ஸ்பூன் கல்லுப்பு போட்டுக் கலக்குவார். வேர்வையில் போன உப்பை உடனே திருப்பாவிட்டால் மயங்கி விழுவோம் என்று எல்லோரும் நம்பினோம். கூடவே மிளகாய்ப்பொடியும் உப்பும் தடவிய மாங்காய்க் கீற்று.

“இது எத்தனாவது?” என்றார் பாய்.

“நாலாவது. ஏன்?”

“அடப்பாவி மாப்ள! பத்து நாளா நான் சப்புனு தின்னுக்கிட்டிருக்கேன். நீ இங்க அம்புட்டு உப்பையும் குடிச்சுக்கிட்டிருக்கியா?”

எனக்கு நிஜமாகவே தோன்றவில்லை. உப்பு என்றால் சோற்றில் போடுவது. மோர் என்றால் தண்ணீர் மாதிரி. டாக்டரம்மா சொன்னபோது என் மனதில் வந்தது தட்டு மட்டும்தான்.

“உப்பில்லாம ஒண்ணு கொடுண்ணே” என்றேன்.

“அதுக்கு நீ குழாயில குடிச்சுக்கலாமே” என்றார் மோர்க்காரர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை.

நாலு நாள் இருந்தது. உப்பில்லாத மோர், வெறும் தண்ணீர். வெயில் ஏறும்போது நிழலில் உட்கார்ந்துகொண்டேன். மயங்கி விழவில்லை. ஆனால் ஒவ்வொரு மூட்டைக்கும் இப்போது விழுவேன், இப்போது விழுவேன் என்றிருந்தது. மெடிக்கல் பக்கம் போகவில்லை. எண்ணைத் தெரிந்துகொள்ளப் பயம்.

பதினைந்தாம் நாள் பஸ்ஸை விட்டு இறங்கி வேகமாக நடந்து போய் டாக்டரம்மா முன் கையை நீட்டினேன். அவர் பட்டையை எடுக்கவே இல்லை. “முதல்ல ஒண்ணுக்குப் போயிட்டு வாங்க. வந்து சாஞ்சு உக்காருங்க. கால் தரையில இருக்கட்டும். அஞ்சு நிமிஷம் பேசாதீங்க.” மெடிக்கலில் தினமும் மூட்டை தூக்கிய கையோடு, நடந்து வந்த மூச்சோடு பார்த்தது அப்போதுதான் உறைத்தது. அந்த ஐந்து நிமிடமும் சுவரில் ஒரு பல்லியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நூற்று முப்பத்தெட்டுக்கு எண்பத்தெட்டு.

“இறங்கியிருக்கு. போயிடுச்சுன்னு நினைக்காதீங்க” என்றார். மோர் விஷயத்தைச் சொன்னேன். ஊறுகாய், கருவாடு, அப்பளம், கடையில் வாங்கும் மிக்சர் என்று அவர் இன்னும் நாலைந்து சேர்த்தார். கையெழுத்துப் போட்டார். “மூணு மாசம் கழிச்சு மறுபடி வரணும். வராட்டி இது செல்லாது.”

மூன்று மாதம் கழித்து எந்த ஊரில் இருப்பேன் என்று எனக்கு எப்போதுமே தெரிந்ததில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வெளியே வந்து பாய்க்குப் போன் போட்டேன்.

“அப்ப இன்னைக்குக் குழம்புல உப்பு போடவா மாப்ள?” என்றார்.

“ஒன் தட்டுல போட்டுக்க” என்றேன்.