துடக்கு நாட்களில் எடுத்த கணக்கு

எங்கள் ஊர் ரயில் கடவையால் ஒரு நாளில் எத்தனை பேர் போய்வருகிறார்கள் என்ற கேள்விக்கு விடை வைத்திருந்த ஒரே ஆள் நான்தான். அந்தப் பெருமை ஒரு பருவம்கூட நீடிக்கவில்லை.

யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் எங்கள் ஒழுங்கை ரயில்பாதையைக் குறுக்கறுத்துப் போகிறது. கதவும் இல்லை, காவலாளும் இல்லை. பாதைக்கு இந்தப் பக்கம் முழுவதும் எங்கள் சொந்தக்காரர்களின் வீடுகள். அந்தப் பக்கம் பிள்ளையார் கோயில், அதன் பின்னால் வயல், வயற்கரையில் என் அக்காவின் வீடு. அத்தான் காலமாகிவிட்டார், பிள்ளைகள் கனடாவில். அக்காவுக்கு முழங்கால் மடங்காது. நான் கல்யாணம் செய்யாதவன். மத்தியானச் சோற்றை இரண்டு பேருக்குமாகச் சமைத்து எடுத்துக்கொண்டு போய், அவளோடு இருந்து சாப்பிடுவேன். என் வீட்டிலிருந்து அவள் வீட்டுக்கு நாலு நிமிட நடை.

தொண்ணூறாம் ஆண்டு யூனில் யுத்தத்தால் யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்கட்டைகளும் பங்கர்களுக்குப் போயின. இரண்டாயிரத்துப் பதினாலு ஒக்டோபரில் அது திரும்பி வந்த நாளில் ஒரு கொப்பி வாங்கினேன். வரவேண்டிய நேரம், வந்த நேரம், குறிப்பு என்று மூன்று பத்திகள். மழை, வெயில், பாதையில் மாடு நின்றது எல்லாம் குறிப்பில் வரும். இப்போது கொப்பிகள் ஒரு றங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன.

ஆகவே கொழும்புக்கு மூன்று மணித்தியாலத்தில் போகிற அதிவேகப் பாதை ஒன்று போடப் பார்க்கிறார்கள் என்ற கதை வாசிகசாலையில் எழும்பியபோது, நான் அதன் பக்கம் நின்றேன். பிந்தி வந்த ரயில்களையே வருடக்கணக்காக எழுதிய கை அல்லவா. என் மச்சான் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டான்.

“மூண்டு மணித்தியாலத்திலை அங்கை போய் என்ன செய்யப் போறாய்? கொழும்பிலை உனக்கு ஆர் இருக்கினம்?”

“எனக்கில்லாட்டி என்ன, ஊருக்கு வேணும்.”

“ஊரிலை ஆர் மிச்சம் எண்டு முதல் எண்ணிப் பார். இஞ்சை இருந்து அவசரமாப் போறவன் எல்லாம் பிளேன் ஏறத்தான் போறான். அதுக்கு ஒரு வாடகை வான் காணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

பங்குனியில் பாதையைப் பார்க்க ஒரு குழு வந்தது. அதில் இருந்த பெண் உத்தியோகத்தர் நெல்லியடிக்காரி. என் கொப்பிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஐயா, ஊருக்கு ஒரு ஆள் உங்களைப் போல இருந்தா எங்கடை வேலை லேசு,” என்றார். பிறகு விஷயத்தைச் சொன்னார். வேகமாக ரயில் ஓடுவதென்றால் இரண்டு பக்கமும் வேலி வரும். சனம் போய்வரக் கூடுதலாகப் பாவிக்கிற கடவைக்குக் கீழால் ஒரு பாதை போடுவார்கள். மற்றவற்றை மூடிவிடுவார்கள். ஒரு கிழமை இருந்து எண்ணித் தர முடியுமா?

திங்கள் தொடங்கி ஞாயிறு வரை, விடிய ஆறு மணியிலிருந்து பின்னேரம் ஆறு மணிவரை, பூவரசுக்குக் கீழே கதிரை போட்டு எண்ணினேன். மூன்றாம் நாள் மச்சான் வந்து எட்டிப் பார்த்தான்.

“என்னடா, காகம் குருவியும் போகேல்லையோ? கொஞ்சம் கூட்டிப் போடன். ஆர் வந்து பாக்கப் போறான்?”

“போகாத ஆளைப் போனதெண்டு எழுதமாட்டன்.”

“ஓம் ஓம், நீ அரிச்சந்திரன். சுடலையும் கிட்டத்தான்.”

ஞாயிறு மாலை கூட்டிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன்.

அதற்கு இரண்டு கிழமை முன்புதான் எங்கள் சித்தப்பா செத்திருந்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை எங்களுக்குத் துடக்கு, சாவுத் தீட்டு. ஒழுங்கையில் எல்லோரும் ஒரே பரம்பரை என்பதால் ஒருவரும் கோயிலுக்குப் போகவில்லை. வயலும் அறுவடை முடிந்து கிடந்தது. மற்ற நாட்களில் காலைப் பூசைக்கும் மாலைப் பூசைக்கும் அந்தக் கடவையில் ஆள் ஓயாது. வெள்ளிக்கிழமையில் சைக்கிளை உருட்டத்தான் முடியும். குறிப்புப் பத்தியில் புதன்கிழமைத் தூறலை எழுதியிருக்கிறேன். துடக்கை எழுதவில்லை. மறக்கவில்லை, அது எழுதவேண்டிய விஷயம் என்று தோன்றவேயில்லை. துடக்கென்று ஊருக்கே தெரியும், அதை யாருக்கு எழுதுவது? சோற்றோடு நாள்தோறும் கடந்த என்னையும் நான் எண்ணவில்லை.

ஆவணியில் கிராம சேவகர் ஒட்டிய அறிவித்தலில் எங்கள் கடவை ‘பாவனை குறைந்தது’ என்ற பட்டியலில் இருந்தது. உத்தியோகத்தருக்கு ரெலிபோன் எடுத்தேன்.

“துடக்கெண்டு எனக்கு விளங்குது ஐயா. எங்கடை வீட்டிலையும் அப்பிடித்தான். ஆனா குறிப்பிலை ஒண்டும் இல்லையே.”

“திரும்ப எண்ணித் தாறன், பிள்ளை.”

“அறிக்கை மேலிடத்துக்குப் போயிட்டுது. உங்கடை கணக்கைத்தான் திறமெண்டு வைச்சிருக்கினம். மற்ற ஊர்க்காரர் குத்துமதிப்பாச் சொன்னதுகள்.”

குத்துமதிப்பாகச் சொன்ன ஊர்களுக்குக் கீழ்ப்பாதை இருக்கிறது, வரைபடத்தில்.

ரயில்பாதைக்குக் காசு இன்னும் வரவில்லை என்கிறார்கள். வராமலும் போகலாம். வேலிக்கு வந்துவிட்டது. இரண்டு பக்கமும் ஆளுயரக் கம்பிவலை. நடுவில் பழைய ரயில் பழையபடி பிந்திப் போகிறது. அவ்வளவு பெரிய செலவு பெறுமதியானதா என்று வாசிகசாலையில் இன்னும் வாதாடுகிறார்கள். நான் வாய் திறப்பதில்லை. கொழும்பு கிட்ட வருமோ தெரியாது. நாலு நிமிடத்தில் இருந்த அக்கா முக்கால் மணித்தியாலத்துக்கு அப்பால் போய்விட்டாள். பெரிய றோட்டுக் கேற்றைச் சுற்றிச் சைக்கிள் மிதித்துப் போகவேண்டும். எனக்கும் எழுபது தாண்டிவிட்டது. என்னோடு வந்து இருக்கச் சொன்னால், பிள்ளைகள் வந்தால் வீடு திறந்திருக்கவேண்டும் என்பாள்.

வேலி முடிந்து ஒன்பதாம் நாள். நான் போய்ச் சேரும்போது சோறு ஆறியிருந்தது, சேர்ட் முதுகோடு ஒட்டியிருந்தது. அக்கா என்னை இருக்கச் சொல்லித் தண்ணீர் தந்தாள்.

“ஆர் தம்பி எங்கடை கடவையாலை சனம் போறேல்லை எண்டு சொன்னது? கண் தெரியாதவனோ?”

நான் தண்ணீரைக் குடித்தேன்.

“சரி விடு. நீ இந்த வெயிலுக்குள்ளை நெடுகிலும் வராதை. நான் கஞ்சி காய்ச்சுவன். வெள்ளியிலை மட்டும் வா, காணும்.”

“இல்லையக்கா, வாறன்,” என்றேன். அவள் திரும்பவும் சொன்னாள். நான் மறுக்கவில்லை.

திரும்பி மிதிக்கையில் எனக்கு ஒரு ஆறுதல் வந்தது: நாளைக்கு வரத் தேவையில்லை. வீட்டுக்கு வந்து அன்றைய ரயிலை எழுதினேன். குறிப்புப் பத்தியை வெறுமையாக விட்டேன்.