பூவராகவன் பார்த்த லின்ஸ்

பூவராகவன் லின்ஸ் நகரத்துக்குப் போய்த் திரும்பி ஏழு வருஷம் ஆகிறது. பெட்டி அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டது. ஆள்தான் இன்னும் வந்து சேரவில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார்களுக்கு வேண்டிய பிளாஸ்டிக் பாகங்களை வார்க்கிற கம்பெனி ஒன்றில் அவர் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். வார்க்கிற மெஷின் ஆஸ்திரியாவில் இருக்கிற அந்த லின்ஸிலிருந்து வருகிறது. முதல் மெஷின் வாங்கியபோது அதைப் பழகிக்கொண்டு வர ஒருவரை அனுப்பச் சொன்னார்கள். பூவராகவன் போனார். மொத்தம் பத்து நாள். எட்டு நாள் மெஷின், நடுவில் ஒரு சனி, ஒரு ஞாயிறு லீவு. அந்த இரண்டு நாளில் அவர் லின்ஸ் முழுவதையும் சுற்றிப் பார்த்துவிட்டார் என்பது கம்பெனியில் எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் அவருக்கு மூன்று ஏக்கர் நெல் வயல் உண்டு. அதைவிட இந்த இரண்டு நாளில் அவர் எடுத்த மகசூல் அதிகம்.

கேன்டீனில் ரசம் தண்ணியாக இருந்தால் லின்ஸ் வரும். மழையில் கம்பெனி பஸ் லேட்டானால் லின்ஸ் வரும். யாராவது வேளாங்கண்ணிக்கோ கொடைக்கானலுக்கோ போய்வந்து போட்டோ காட்டினால், எல்லாவற்றையும் பொறுமையாகத் தள்ளிப் பார்த்து முடித்து, "நல்லாக்கீது. லின்ஸுல ஒரு சர்ச்சு, மலை மேல..." என்று ஆரம்பிப்பார். போட்டோ காட்டியவன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான்.

ஊரைப் புகழ்ந்தார் என்று சொல்லிவிட முடியாது. போய்வந்தவனுக்கு மட்டுமே உள்ள உரிமையோடு அதைத் திட்டினார்.

"பாரிஸு, வியன்னா எல்லாம் எவன் வேணா போவான். லின்ஸ எவனும் கண்டுக்க மாட்டான். மேட்டரே அதாம்பா. நம்ம கும்மிடிப்பூண்டிய சோப்பு போட்டுக் கழுவி வெயில்ல காயப் போட்டா அதான் லின்ஸு. ஸ்டீல் ஃபேக்டரி கீது. ஆறு கீது, டானூப்னு பேரு, குளிக்க ஒரு படி கெடையாது. ஞாயித்துக்கெழமைன்னா கடை கெடையாது, ரோட்டுல மனுசன் கெடையாது. நாய்க்குக்கூட லீவு வுட்ருவான்."

வாயால் சொல்வது போதாதென்று ஒரு வழிகாட்டியும் எழுதினார். 'லின்ஸ் மாநகரம்: சனி, ஞாயிறு இரண்டே நாளில் பார்ப்பது எப்படி?' கீழே, 'அனுபவஸ்தர் பூவராகவன்'. அதை லேமினேட் செய்து, தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்கிற படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். "ஹோட்டலுக்கு எதிரே வெள்ளைக்கல் தூண் ஒன்று உண்டு. ஐந்து நிமிடம் பார்த்தால் போதுமானது" என்றது அது. "ஊர்ப் பெயரில் ஒரு கேக் தருவார்கள். மேலே பாய் பின்னியதுபோல் இருக்கும். தவிர்க்கலாம்" என்றது. "மலை மேல் இரட்டைக் கோபுர சர்ச். மிக அழகு. ஆனால் மேலே செல்ல வண்டி வசதி அறவே கிடையாது. சொந்தக் கார் இல்லாதவர்கள் கீழிருந்தபடியே கும்பிட்டுக்கொள்ளவும்."

கும்மிடிப்பூண்டியிலிருந்து லின்ஸுக்குப் போகிறவன் எவன்? போகிற ஆள் இல்லாத ஊருக்கு எழுதிய வழிகாட்டியில் தப்புக் கண்டுபிடிக்க யாரும் இல்லை. ஏழு வருஷம் அது நிம்மதியாகத் தொங்கியது.

இந்த வருஷம் கம்பெனி இரண்டாவது மெஷின் வாங்கியது. பயிற்சிக்கு ஒரு ஆள். பிளான்ட் ஹெட் அருணாச்சலம் ஏஞ்சலின் பெயரை எழுதினார். இருபத்தாறு வயசு, டிப்ளமோ, பழைய மெஷின் எந்தச் சத்தம் போட்டால் எந்தப் பாகம் கெட்டது என்று தூரத்திலிருந்தே சொல்கிறவள். ஃபாரத்தில் ஒரு கட்டம் மட்டும் பாக்கி: முன்பு போய்வந்த ஊழியர், புதிதாகப் போகிறவருக்கு ஊர் விவரம் எல்லாம் சொல்லிக்கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஃபாரம் அருணாச்சலத்தின் மேஜைக்குப் போகாவிட்டால் திங்கட்கிழமை விசா நேரம் கைவிட்டுப் போகும். மாற்றுப் பெயராக இருந்தவன் அன்புசெல்வன். பூவராகவனின் தங்கை மகன். அவன் ஏற்கெனவே பாரிமுனையில் ஜெர்கின் எடுத்துவிட்டான்.

ஏஞ்சலினும் திருவாலங்காட்டுப் பக்கம்தான். அவளுடைய அப்பா சின்னராசு, முட்டி போகிற வரைக்கும் அந்த மூன்று ஏக்கரில் கூலி வேலை செய்தவர். இதைப் பூவராகவன் ஷாப் ஃப்ளோரில் ஒருநாளும் சொன்னதில்லை. அவள் கழுத்தில் பெயர் எழுதிய அட்டை தொங்கிக்கொண்டிருக்க, "ஏம்மா, சின்னராசு பொண்ணு" என்று கூப்பிடுவார். அவ்வளவுதான். அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது.

வேலை நேரத்தில் கேட்டைத் தாண்ட மஞ்சள் சீட்டு வேண்டும். அவுட் பாஸ். பெயர், போகும் இடம், காரணம், வெளியே போகும் நேரம், திரும்பும் நேரம், சூப்பர்வைசர் கையெழுத்து. போன பிப்ரவரியில் ஒரு மத்தியானம் சின்னராசுவுக்கு நெஞ்சுவலி என்று போன் வந்தது. ஏஞ்சலின் சீட்டை எழுதிக்கொண்டு ஓடினாள். பூவராகவன் பரீட்சைத் தாள் திருத்துவதுபோல் அதை வாசித்தார்.

"இன் டைம் காலியா கீதே."

"தெரியல சார். அப்பாவ திருவள்ளூர் ஜிஎச்சுல சேத்துக்கீறாங்க."

"தெரியலன்னா எப்படிம்மா? எப்ப வருவேன்னு தெரியாம வெளிய வுட்டுட்டு நாளைக்கு யாரு பதில் சொல்றது? ரூல்ஸு உனக்குன்னு தனியாவா போட்டான்?"

அவள் நான்கு மணி என்று எழுதினாள். எழுதி, ஐந்து என்று திருத்தினாள். அடித்தல் திருத்தல் செல்லாது, புதுச் சீட்டு எடு என்றார். அவள் திருவள்ளூர் போய்ச் சேர்ந்தபோது அப்பாவைச் சென்னைக்கு ஏற்றி அனுப்பிவிட்டிருந்தார்கள். சின்னராசு பிழைத்துக்கொண்டார். அந்த மஞ்சள் நிறம் ஏஞ்சலினுக்குள் அப்படியே தங்கிவிட்டது.

அந்த மனிதரிடம்தான் இப்போது கையெழுத்து வாங்க வேண்டும்.

"ஃபாரம் இன்னா ஓடியா போவுது? ஊரப் பத்தி மொதல்ல தெரிஞ்சிக்கோ" என்றார் பூவராகவன். அந்த வாரத் திங்கட்கிழமையிலிருந்து, திருவள்ளூர் போகும் கம்பெனி பஸ்ஸில், ஜன்னலோரத்தில் இருந்த தன் இருக்கைக்கு எதிர்ப்புற இருக்கையில் அவளை உட்காரச் சொன்னார். கவரப்பேட்டை தாண்டுவதற்குள் தூணை முடித்தார். பெரியபாளையத்தில் டானூப் நதியைக் கடந்தார். செவ்வாய்க்கிழமை குளிர். புதன்கிழமை ரொட்டி. நடுநடுவே, பொம்பளைப் பிள்ளை தனியாக அந்த ஊரில் எப்படிச் சமாளிப்பாய் என்று கவலைப்பட்டார். "நான்னா சமாளிச்சேன். அன்பு மாதிரி பையன்னா தெகிரியமா நாலு எடம் சுத்துவான். நீ ரூமுலயே அடைஞ்சி கெடப்ப. கம்பெனிக்கு இன்னா பிரயோஜனம், சொல்லு."

ஏஞ்சலின் தலையாட்டினாள். கேட்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வது அவளுக்கு வேலையோடு கூடவே பழகிய தொழில்.

புதன்கிழமை ராத்திரி அவர் வாட்ஸ்அப்பில் போட்டோக்கள் அனுப்பினார். பதினொன்று. "சுற்றிப் பார்த்ததில் சில" என்று எழுதியிருந்தார்.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் அவள் அவற்றைப் பார்த்தாள். காலை வெளிச்சத்தில் தூண். உச்சி வெயிலில் தூண். சாயங்காலத் தூண். தூரத்தில் மலை, மலை மேல் சர்ச். எல்லாப் படத்திலும் இடது ஓரத்தில் ஒரு பழுப்புத் திரைச்சீலை. ஒரே திரைச்சீலை, ஒரே மடிப்பு. ஏழாவது படத்தில் ஜன்னல் கண்ணாடி, எடுத்தவரையும் சேர்த்து எடுத்திருந்தது: பனியன், மடித்துக் கட்டிய லுங்கி, பின்னால் கரண்ட் கெட்டில். கீழே சதுக்கத்தில் ஒரு டிராம் நின்றிருந்தது. அதன் நெற்றியில் 50 என்று போட்டிருந்தது. ஏஞ்சலின் போனில் தேடினாள். ஐம்பதாம் நம்பர் அந்தச் சதுக்கத்திலிருந்து புறப்பட்டு, அந்த மலைக்கு, அந்த சர்ச்சுக்கே போகிற வண்டி. இருபது நிமிஷம். மனிதர் மாடிப்படி இறங்கியிருந்தால் போதும்.

அன்று சாயங்காலம் பஸ் கிளம்பியதும் அவளே ஆரம்பித்தாள்.

"சார், அந்த மலைக்கு வண்டியே இல்லைன்னு எழுதிக்கீறீங்களே."

"எங்க இருக்குது? நடந்தா ஆளு பேஜாராயிடுவான்."

"நீங்க ஏறினீங்களா சார்?"

"பாதி ஏறினேன். முட்டி வலி."

"உங்க ரூமு ஜன்னலுக்குக் கீழயே சார் அந்த வண்டி நிக்குது. நீங்க எடுத்த போட்டோவுலயே கீது."

இரண்டு விரலால் விரித்து 50 என்பதைக் காட்டினாள். பிறகு படத்தைக் கொஞ்சம் மேலே நகர்த்தினாள். பனியனும் லுங்கியும் வந்து நின்றன. விரல் தவறி நகரவில்லை.

பூவராகவன் அந்தப் படத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பின் சீட்டில் இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்ததைத் திரும்பிப் பார்த்து உறுதிசெய்துகொண்டார்.

"சனிக்கெழம காலீல ஏழு மணிக்கே ரெடியாயிட்டேன்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "ஷூ போட்டு, தலை வாரி. கீழ கவுண்டருல ஒரு பொண்ணு இருந்துச்சு. அவுட் பாஸ்னு கேட்டேன். அது சிரிச்சிக்கினே ஊரு மேப்பு ஒண்ணு எடுத்துக் குடுத்துச்சு. சைனுன்னு கேட்டேன். மேப்புல பேனாவால ஒரு வட்டம் போட்டுச்சு. வட்டந்தான். சைன் இல்ல."

"அப்புறம்?"

"கதவு வரைக்கும் போனேன். கண்ணாடிக் கதவு, தானா தொறந்துக்கிச்சு. செக்யூரிட்டி இல்ல, ரிஜிஸ்டரு இல்ல. பின்னால வந்தேன், மூடிக்கிச்சு. மறுபடியும் போனேன், தொறந்துக்கிச்சு. எவனோ வேணும்னே தொறந்து வுட்டுட்டு எங்கியோ நின்னு பாத்துக்கினு இருக்கற மாதிரி இருந்துச்சு. உங்காளு யாரையும் கேக்காம வெளிய பூட்டான்னு கம்பெனிக்கு மெயில் போட்டான்னா? சோபாவுல குந்திக்கினேன், யாராச்சும் வந்து சொல்லுவாங்கன்னு. பத்து மணிக்கு மேல ரூமுக்குப் பூட்டேன்."

"ஞாயித்துக்கெழம?"

"ஞாயித்துக்கெழம ஷூ போடல."

ஏஞ்சலினுக்கு இரக்கம் வரும் என்று அவளே கொஞ்சம் எதிர்பார்த்தாள். வரவில்லை. இருபத்தைந்து வருஷமாக அடுத்தவர்கள் வெளியே போவதற்குக் கையெழுத்துப் போட்ட கை. யாருடைய தகப்பன் எங்கே கிடந்தாலும் இன் டைம் கேட்ட வாய். கதவு தானாகத் திறந்தபோது இரண்டு கால் தரையில் ஒட்டிக்கொண்டது. சரி, ஒட்டிக்கொண்டது. ஊர் திரும்பி வாயை மூடிக்கொண்டிருந்தாலாவது ஒரு மரியாதை இருந்திருக்கும். பார்க்காத ஊரைத் திட்டி, திட்டியதை லேமினேட் செய்து மாட்டி, அதை வைத்து இன்னொருத்தியைப் போகவிடாமல் மறிக்கவும் மறிக்கிறது.

"வெளிய யார்கிட்டயும்..." என்று இழுத்தார்.

"நான் இன்னா சார் சொல்லப் போறேன்."

அதை அவர் வாக்குறுதி என்று எடுத்துக்கொண்டார். காக்களூர் எஸ்டேட் வருவதற்குள் முகம் பழையபடி ஆகிவிட்டது. சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. தெருவுல நடக்கறவனுக்குத் தெருதான் தெரியும். மேல ஜன்னல்ல நின்னு பாக்கறவனுக்குத்தான் ஊரு முழுசா தெரியும்."

ஏஞ்சலின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பை அடக்கவில்லை. அடக்க வேண்டியிருக்கவில்லை. அவ்வளவு சின்ன மனிதர்.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு அவருடைய கேபினுக்குப் போனாள். உள்ளே அன்புசெல்வன் நின்றுகொண்டிருந்தான். "மாமா, அருணாச்சலம் சார் ஃபாரம் இன்னும் வரலைன்னு கேட்டுக்கினு இருந்தாரு. நம்ம பேரு..." என்று சொல்லிக்கொண்டிருந்தவன் அவளைப் பார்த்ததும் நிறுத்தினான்.

ஏஞ்சலின் வெள்ளை ஃபாரத்தை மேஜையில் வைத்தாள். போனை எடுத்து அதற்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள்.

பூவராகவன் கவிழ்ந்து கிடந்த போனைப் பார்த்தார். "அன்பு, நீ போய் கம்ப்ரஸர் ஆயில் பாரு" என்றார்.

"இப்பதான் மாமா பாத்தேன்."

"மறுபடியும் பாரு."

அவன் போனதும் கட்டத்துக்குள் கையெழுத்துப் போட்டார். 'ஊர் விவரம் முழுமையாக எடுத்துரைக்கப்பட்டது' என்று எழுதித் தேதியும் போட்டார். ஏஞ்சலின் ஃபாரத்தை எடுத்துக்கொண்டு, அது இருந்த இடத்தில் ஒரு மஞ்சள் சீட்டை வைத்தாள்.

பெயர்: ஏஞ்சலின். போகும் இடம்: லின்ஸ். காரணம்: ஊர் பார்க்க. வெளியே போகும் நேரம்: சனி காலை 7.00.

கிழித்துப் போடுவார், இல்லை கத்துவார் என்று நினைத்திருந்தாள். இரண்டுக்கும் பதில் தயாராக வைத்திருந்தாள். அவர் சீட்டைக் கையில் எடுத்து, பரீட்சைத் தாள் திருத்துவதுபோல் வரி வரியாக வாசித்தார். பேனா ஒரு கட்டத்தின் மேல் நின்றது.

"இன் டைம் காலியா கீதே."

"தெரியல சார்."

பிறகு அவரே, அழகான கையெழுத்தில், 'ஞாயிறு மாலை 6.00' என்று நிரப்பினார். கீழே கையெழுத்து, அதற்குக் கீழே பதவி. ரப்பர் ஸ்டாம்பைத் தேடி எடுத்து ஊதிவிட்டுக் குத்தினார்.

"லேட் பண்ணிடாத" என்றார்.

அவர் முகத்தில் கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை. ஒரு வேலையை ஒழுங்காக முடித்த திருப்தி இருந்தது. கிண்டல் செய்தால் உறைக்கவாவது கொஞ்சம் தோல் வேண்டும். ஏஞ்சலின் போனை எடுத்துக்கொண்டு, ஃபாரத்தோடு கதவுப் பக்கம் நடந்தாள்.

"ஏஞ்சலின்" என்று பின்னாலிருந்து கூப்பிட்டார். அவள் வேலைக்குச் சேர்ந்த மூன்று வருஷத்தில் முதல் தடவையாகப் பெயர் சொல்லி. "சீட்ட வுட்டுட்டுப் போறியே. அங்க கேட்டான்னா?"

"கேக்க மாட்டான் சார்" என்று சொல்லிவிட்டு, அவள் அருணாச்சலத்தின் அறைக்கு மாடி ஏறினாள்.