மண் கலந்த தொட்டி

எண்பதுகளில் தட்டாஞ்சாவடியில், மீன் விற்பவர்களுக்கான பிளாஸ்டிக் தொட்டி வார்க்கும் பட்டறையில் வேலை பார்த்தேன். மீனை நிரப்பித் தூக்கினால் எங்கள் பாலிதீன் தொட்டி வளைந்துவிடும். நன்றாகக் காயவைத்த வெள்ளைக் களிமண் தூளை, பிளாஸ்டிக்கை உருக்கும்போதே அதில் கலந்தேன். தொட்டி விறைப்பாக நின்றது.

முதலாளிக்குத்தான் பயம். "மண்ணுன்னு வெளிய சொல்லிடாத, கலப்படம்னுடுவாங்க."

வைத்திக்குப்பத்தில் மீன் விற்கும் அஞ்சலை அக்கா புதுத் தொட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"என்னாப்பா கலந்த இதுல?"

என் வேலை மீது எனக்குச் சந்தேகமே இல்லை. பிறகு எதற்குப் பொய்?

"களிமண்ணுக்கா."

அவர் மீனையும் ஐஸையும் விளிம்புவரை கொட்டி, மகளோடு சேர்ந்து தூக்கினார். தொட்டி வளையவில்லை.

"ஏ, மண்ணு போட்டதா கேட்டு வாங்குங்கடி!" என்று கரைக்கே கேட்கும்படி கத்தினார்.

அடுத்த மாதம் முதலாளியே பட்டறை வாசலில் பலகை மாட்டினார்: 'மண் கலந்த தொட்டி இங்கு மட்டுமே.'

அன்றிலிருந்து, நான் எதில் எதைக் கலந்தாலும், கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.