தீராத பிஸ்கட் டின்

கவ்வாத்து வெட்டிய தேயிலை 'மிலாறு'ச் சுள்ளி எரியும் புகையோடு, சூடேறிய கச்சான் கடலை வெண்ணெயும் சாக்லேட்டும் கலந்த வாசனை எங்கள் தோட்டத்து லயத்தின் ஒற்றையறைக் 'காம்பரா'வில் ஒரேயொரு நாள்தான் முழுசாக வீசியது. லீவில் வந்திருந்த அம்மா மறுபடியும் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் புறப்பட்ட நாள் அது. அங்கே கற்றுக்கொண்ட ஓட்ஸ் பிஸ்கட்டை, பெரிய சட்டியில் மணலைச் சூடாக்கி, அதற்குள் தட்டை வைத்து, மூடியின் மேலும் தணலைக் கொட்டிச் சுட்டெடுத்து, ஒரு டின் நிறைய என் கையில் கொடுத்தார்.

"இது முடியிறப்ப அம்மா வந்துருவேன் சாமி."

அது போதாதா எனக்கு? சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் வருவார் என்று பல் விளக்குமுன்பே தொடங்கித் தின்றேன். வயிறு, விடியலில் வேலைக்கு ஆள் கூப்பிட அடிக்கும் பெரட்டுத் தப்பு மாதிரி அதிர்ந்ததே தவிர, டின் தீரவில்லை. குறையக் குறைய மறுநாள் ஏறியிருந்தது. பேய்தான் போடுகிறது என்று நடுங்கி, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டேன். ஓடினேனா? தின்றேன்! போகப்போகச் சாக்லேட் மறைந்தது, பிறகு ஓட்ஸும்.

"கசக்குதுப்பா."

"பழசானா கசக்கும்டா. தின்னு."

ஒருநாள் பள்ளிக்கூடம் நேரத்தோடு விட்டதால் மேடேறி வந்தேன், கருகல் நெடி. மலையில் வேலை முடித்து வந்த அப்பா, அம்மியில் அரைத்த கச்சானும் மீசையெல்லாம் கோதுமை மாவுமாக அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். அம்மா விட்டுப்போன ஓட்ஸ் பொட்டலம் வெறுமையாகக் கிடந்தது. பக்கத்தில் என் டின்.

"ஏம்ப்பா ரொப்புறீங்க? முடிஞ்சாத்தானே அம்மா வரும்!" என்று கத்தினேன்.

அவர் திரும்பவில்லை. "முடிஞ்சும் அவ வரலேன்னா, ஒனக்கு நான் என்னடா சொல்லுவேன்?"

அதற்குப் பிறகு நாளுக்குப் பாதி பிஸ்கட்தான் தின்றேன். அம்மா வரவில்லை; ஏன் என்று சொல்லவும் யாரும் வரவில்லை. அப்பா இருந்தவரை டின் காலியாகவும் இல்லை.

இன்று அந்த லயம் இல்லை, மிலாறு அடுப்பில்லை, அப்பாவும் இல்லை. ஹட்டனில் என் வீட்டு மின்சார அடுப்பில், கடையில் வாங்கிய கச்சான் வெண்ணெய் போட்டு நான் சுடும் பிஸ்கட் கருகுவதேயில்லை. அதுதான் அதில் குறை. டின்னில் கடைசி ஒன்று மிஞ்சும்போது மட்டும், நரைத்த மீசைக்கார வீரனான நான் மாவைப் பிசைய ஓடுவேன்.

"இன்னும் ஒண்ணு இருக்குங்களே?" என்பாள் மனைவி.

"அதான்," என்பேன், பிசைந்துகொண்டே.