நான் தடுத்த சாமர்சால்ட்

1. விழுப்புரம்

மாவட்ட ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டியில் வசந்தியின் பெயரை அழைப்பதற்குச் சற்று முன்னர் நான் நடுவர் மேசைக்குச் சென்று, அவளுடைய தரைப் பயிற்சியில் பின்பக்கச் சாமர்சால்ட், அதாவது கை ஊன்றாமல் காற்றிலேயே அடிக்கும் குட்டிக்கரணம், இடம்பெறாது என்று அறிவித்தேன்.

நான் திண்டிவனத்தில் அவள் பயின்ற பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். அவள் பிளஸ் டூ மாணவி; கடலை மண்டியில் மூட்டை தூக்கும் ஏழுமலையின் மகள். முதலிடம் பெற்றால் மாநிலப் போட்டி. அந்தச் சான்றிதழைக் கொண்டு உடற்கல்விக் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கேட்கலாம். கல்லூரிக்குச் செல்ல அவளுக்கு வேறு வழியில்லை.

"இன்னா சார், நல்லாத்தான பண்ணிக்கினு இருந்தேன்? இப்போ வந்து வேணான்றீங்க!"

"கீழ மிதிச்சுப் பாத்தியா? விரிப்பு மெல்லிசு, அடியில சிமெண்ட். முட்டி போயிடும்."

"போனா என் முட்டிதான சார் போவும்?"

அதற்குள் அவள் பெயரை அழைத்தார்கள்.

2. டெலிவிஷன் வந்த பிறகு

நான் கல்லூரியில் பயின்ற காலத்தில் உடல் நேர்கோட்டில் நிற்பதற்கும், இறங்கிய கால் நகராதிருப்பதற்கும் மதிப்பெண் உண்டு. பின்னர் எங்கள் ஊருக்கு டெலிவிஷன் வந்தது. அயல்நாட்டுச் சிறுமியர் காற்றில் சுழல்வதை ஊரே கூடிப் பார்த்தது. அதன்பின் கைகளால் தலைகீழாக நிற்பவரை எவரும் பொருட்படுத்தவில்லை. "உங்க பசங்க எப்போ சார் பறக்கும்?" என்று பெற்றோர் கேட்டனர். "பெரிய பொண்ணுங்க வேணாம் சார், சின்ன உடம்பா பாத்துக் கொண்டாங்க" என்று ஓர் அதிகாரி என்னிடமே கூறினார்.

கருவிகள் மட்டும் மாறவில்லை. எங்களிடம் இருந்தவை இரண்டு தென்னைநார் விரிப்புகள். குதித்து இறங்குவதற்கு, எங்கள் பக்கம் மல்லாட்டை என்னும் நிலக்கடலையின் தோல் அடைத்த சாக்கு மூட்டைகள். அவற்றை மண்டியிலிருந்து கொண்டுவந்து போட்டவர் ஏழுமலைதான். அந்த மூட்டைகளின் மேல் வசந்தி தானாகவே சாமர்சால்ட் பழகினாள். இறங்கும் கால் தோலுக்குள் புதையும். மூட்டையே அவளைப் பிடித்து நிறுத்தும். தானே நிற்பதாக அவள் நம்பினாள். விழுப்புரத்தில் மூட்டை கிடையாது.

3. முடிவு

வசந்தி பிழையின்றிச் செய்தாள். வேறு பள்ளிச் சிறுமி ஒருத்தி சாமர்சால்ட் அடித்து, தடுமாறிக் கையை ஊன்றினாள். முதலிடம் அந்தச் சிறுமிக்கே.

"உங்க பொண்ணு அழகா பண்ணுச்சு சார், இல்லன்னு சொல்லல. இப்பல்லாம் ரிஸ்க் எடுத்தாத்தான் மார்க்கு" என்றார் நடுவர்.

பேருந்து நிலையத்தில் ஏழுமலை காத்திருந்தார். அதுவரை என்னை 'நீங்க' என்றே அழைத்தவர்.

"ஒரு குட்டிக்கரணத்துக்காவ எம்பொண்ணு படிப்பையே நிறுத்திட்டியே சாரு! மல்லாட்டைத் தோலச் சொமந்துகினு வந்து கொட்டுனேனே, அதுக்கா?"

எனக்குச் சாமர்சால்ட் கற்பிக்கத் தெரியாது, அதனால்தான் தடுத்தேன் என்று ஆசிரியர் அறையில் பேசினார்கள். இன்றும் சிலர் பேசுகிறார்கள். எனக்கு அது தெரியாது என்பது உண்மை. தெரியாத ஒன்றை ஒரு பெண்ணைச் சிமெண்ட் தரையில் செய்யவிட்டுப் பெயர் வாங்க நான் விரும்பவில்லை. இன்று கேட்டாலும் அதையே செய்வேன்.

பின்னாளில் வசந்தியை மண்டியில் கண்டேன். தலையில் மூட்டையுடன், முதுகு வளையாமல், என்னைப் பாராமல் கடந்து சென்றாள்.

இளம் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். போட்டிக்குச் சென்றால் விரிப்பை முதலில் உங்கள் காலால் மிதித்துப் பாருங்கள். பிறகு முடிவெடுங்கள். நன்றியை எதிர்பார்க்காதீர்கள், உடையாத முழங்கால் எவர் கண்ணிலும் படுவதில்லை.