எனக்குக் கேட்காத தவளை

நான் எழுதுகிற ஆய்வுக் கட்டுரைகளைப் படிப்பவர்கள் எல்லோரையும் ஒரே ஜீப்பில் ஏற்றிவிடலாம். முன் சீட் காலியாகவே இருக்கும். பழனி மலையின் தவளைகளைச் சத்தத்தை வைத்துக் கணக்கெடுப்பது என் வேலை. பொழுது சாயும் நேரத்தில் சோலைக்காட்டு ஓடையோரம் போய் உட்கார்ந்து, எந்தத் தவளை எந்தப் பக்கம் கத்துகிறது என்று காதால் கேட்டுக் குறித்துக்கொள்வேன். இதற்கும் சம்பளம் தருகிறார்கள் என்பதை என் மாமனார் கடைசிவரை நம்பவில்லை.

வலைப்பதிவு ஆரம்பித்ததே கோபத்தில்தான். ஓர் ஆய்விதழ் என் கட்டுரையை வெகுநாள் வைத்திருந்துவிட்டு, இதில் உள்ளூர்க்காரர்களுக்கு மட்டுமே ஆர்வம் இருக்கும் என்று திருப்பி அனுப்பியது. சரி, உள்ளூர்க்காரனே படிக்கட்டும் என்று தமிழில் எழுத ஆரம்பித்தேன். வாரம் ஒரு பதிவு, கூடவே ஓடையோரம் பிடித்த ஓர் ஒலிப்பதிவு. முதலில் வந்தவர்களில் பாதிப் பேர் கொடைக்கானலில் மலிவாக ரூம் கிடைக்குமா என்று கேட்டார்கள். கிளாவரையில் பூண்டு போட்டிருந்த ஒருவர், "சயின்டிஸ்ட் சார், வேரு அழுகுதுங்க, என்ன மருந்து அடிக்க?" என்று எழுதினார். "ஏலே, அவரு தவளை ஆளு" என்று அதற்குக் கீழே அவர் ஊர்க்காரரே பதில் போட்டார்.

போகப்போக வேறு ஆட்களும் வந்தார்கள். ஒரு தவளையின் தொடையில் ஒட்டியிருந்த உண்ணி என்னவென்று தெரியாமல் நான் திண்டாடிக்கொண்டிருந்தபோது, எங்கோ ஒரு நாட்டில் இருந்த பேராசிரியை படத்தைப் பார்த்ததும் சொல்லிவிட்டார். மலைக்கு அந்தப் பக்கம், கேரளச் சரிவில் ஆய்வு செய்யும் மாணவி தன் ஒலிப்பதிவுகளை அனுப்பினாள். ஒரே மலையின் இரண்டு பக்கத்துத் தவளைகளையும் அன்றுதான் நான் சேர்த்துக் கேட்டேன். சத்தத்தைப் படமாக வரைந்து காட்டும் இலவச மென்பொருள் ஒன்றை அவளே கற்றுக்கொடுத்தாள். நன்றி சொல்லிவிட்டு அதைத் திறக்காமலே வைத்திருந்தேன். காது இருக்கும்போது படம் எதற்கு என்ற திமிர்தான். மற்றபடி, மலையில் தனியாகக் கிடந்தவனைச் சுற்றிப் பத்துப் பேர் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது.

கிளாவரைக்குக் கீழே உள்ள ஓர் ஓடையில், உதிர்ந்த இலைகளுக்கு அடியில், நகத்தளவு தவளை ஒன்று உண்டு. இந்த மலையில் வேறெங்கும் அதை நான் பார்த்ததில்லை. போன மழைக்காலத்தில் அதன் குரல் கேட்கவில்லை. இந்த மழைக்காலத்திலும் கேட்கவில்லை. அறிக்கை கொடுக்கவேண்டிய நேரம் வந்துவிட்டது. இருக்கிறதா இல்லையா என்று எழுதியாக வேண்டும். இல்லை என்று எழுதிவிட்டால், அந்த ஓடைக்குப் பாதுகாப்புக் கேட்க என்னிடம் வேறு காரணம் கிடையாது.

வருத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. குளிரில் மரத்துப்போன விரலைக் கடித்துப் பார்ப்பது போல அந்தத் தவளையைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். எங்கும் வலிக்கவில்லை. ஓடை மௌனமாகிவிட்டது என்று ஒரு பதிவு எழுதி, கடைசியாகப் போனபோது பிடித்த ஒலிப்பதிவையும் அதோடு போட்டேன். நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதைத்தான். கைகூப்பும் படங்களாக வந்து குவிந்தன. ஒருவர் கவிதையே எழுதிவிட்டார்.

அந்தக் கூட்டத்தில் ஒரு நர்ஸின் பின்னூட்டமும் இருந்தது. கன்னிவாடிக்காரப் பெண், வளைகுடாவில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. டியூட்டி முடிந்ததும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு என் ஓடைகளைக் கேட்பதாக முன்பே எழுதியிருக்கிறாள். அங்கே அவளுக்கு மழை பெய்வது என் பதிவில் மட்டும்தானாம். இப்போது எழுதியிருந்தாள்: "சார், தப்பா நெனைக்காதீங்க. தண்ணி சத்தத்துக்குப் பின்னால டிக் டிக்குனு ஒண்ணு கேட்டுக்கிட்டே கெடக்கு. அது தவளை இல்லீங்களா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஹெட்போன் கோளாறாக இருக்கும் என்று பதில் போட்டேன். "நல்ல ஹெட்போன்தாங்க சார். இன்னொருவாட்டி கேட்டுப் பாருங்க" என்றாள். கேட்டேன். தண்ணீர், காற்று, நடுவில் என் இருமல். அவ்வளவுதான். அதற்குள் கேரளச் சரிவு மாணவி தனக்கும் கேட்கிறது என்று எழுதிவிட்டாள். அவளுக்குக் கீழே பூண்டுக்காரர் வந்தார்: "எனக்கும் கேக்குதுங்க. போன்லயே கேக்குது."

போனிலேயே கேட்கிறது என்றதும் ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். திறக்காமல் வைத்திருந்த மென்பொருளில் ஒலிப்பதிவைப் போட்டேன். அடியில் கறுப்பாக அப்பிக்கிடந்தது ஓடையின் சத்தம். அதற்கு மேலே, துணியில் தையல் போட்டது போல வரிசையாகச் சின்னச் சின்னக் கோடுகள். மூன்று கோடு, இடைவெளி, ஒரு கோடு. மறுபடி மூன்று, இடைவெளி, ஒன்று. அது என் தவளைதான். அதன் குரல் அமைப்பைப் பற்றி முதலில் எழுதியவனே நான். ஒலிப்பதிவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அது கத்திக்கொண்டே இருந்திருக்கிறது. நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இல்லை என்று குறித்திருக்கிறேன்.

என் மனைவி பள்ளியிலிருந்து வந்திருந்தாள். அங்கே அவள் டீச்சர். ஹெட்போனை அவள் காதில் வைத்தேன்.

"ஆமா, கத்துதே. உங்களுக்குக் கேக்கலையா?" என்றவள், கேட்ட வேகத்திலேயே ஹெட்போனைக் கழற்றிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "இன்வெர்ட்டர் பீப் பீப்புனு அடிச்சாலும் எந்திரிக்காம உக்காந்திருப்பீங்க. சோம்பேறித்தனம்னுல்ல நெனச்சேன்" என்றாள்.

தவளை உயிரோடு இருக்கிறது. நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். சந்தோஷம் வரவில்லை, துக்கமும் வரவில்லை. அவள் போட்டுக் கொடுத்த காபியைக் குடித்தேன். மதுரையில் காது டாக்டர், கீச்சென்று ஒலிக்கும் மேல்சத்தங்கள் எனக்குக் கேட்காமல் போய்விட்டன என்றார். "வயசானா சகஜம் சார். பேச்சு நல்லாக் கேக்குதுல்ல?" மெஷின் வைத்தால் பேச்சு இன்னும் தெளிவாகுமாம். தண்ணீருக்குப் பின்னால் ஒலிக்கும் அந்தச் சின்ன டிக் டிக்குக்கு மட்டும் அவரால் உறுதி சொல்ல முடியவில்லை. தலையாட்டிவிட்டு வந்தேன். மலையேறும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தும் வெளியே என்ன பார்த்தேன் என்று ஞாபகம் இல்லை.

அறிக்கையில் தவளை இருக்கிறது என்று எழுதி, ஒலிப்பதிவைச் சான்றாக வைத்தேன். அது சுலபம். பதிவைத் திருத்துவதுதான் கஷ்டமாக இருந்தது. கருவிக் கோளாறு என்று எழுதுவேன், அழிப்பேன். கடைசியில் உள்ளதை எழுதினேன். ஓடையில் தவளை கத்துகிறது, எனக்குத்தான் கேட்கவில்லை, இனிமேல் கேட்கவும் கேட்காது. ஒலிப்பதிவுகளை இங்கே போடுகிறேன், கேட்கிறவர்கள் எந்த இடத்தில் கேட்டது என்று சொல்லுங்கள், படத்தோடு ஒத்துப் பார்த்துக்கொள்கிறேன். காதை வைத்துப் பிழைத்தவன் இதை ஊரறியச் சொன்னால் என்ன மரியாதை மிஞ்சும் என்று தெரியவில்லை. போட்டுவிட்டு லேப்டாப்பை மூடினேன்.

ஆட்கள் வந்தார்கள். மாணவி வந்தாள், முகம் தெரியாத யார் யாரோ வந்தார்கள். "மருந்து சொல்லாட்டி போகுதுங்க, நான் வெள்ளனே கேட்டுச் சொல்லிப்புட்டுத்தான் காட்டுக்குப் போறேன்" என்றார் பூண்டுக்காரர். சொன்னபடியே செய்தார். நான் தனியாகக் கேட்டபோது இருந்ததைவிடக் கணக்கு இப்போது துல்லியமாக இருக்கிறது. இதை நான் யாரிடமும் மறைப்பதில்லை. ஆனால் காய்ச்சல்காரன் கஞ்சி குடிப்பது போலத்தான் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தேன். படத்தைப் பார்ப்பேன், குறிப்பேன், அடுத்ததைப் போடுவேன்.

அந்த நர்ஸ் மட்டும் கொஞ்ச காலம் வரவே இல்லை. பிறகு ஒருநாள் அவளிடமிருந்து மின்னஞ்சலில் ஓர் ஒலிக்கோப்பு வந்தது. திறந்தேன். ஏதோ அறையின் ஏசி இரைச்சல், யாரோ சிரிப்பது, அப்புறம் அவள் குரல்.

"சார், சிரிக்கக் கூடாது. படத்துல பாக்குறதும் காதுல கேக்குறதும் ஒண்ணாகாதுங்க. உங்களுக்கு மெல்லிசான சத்தம்தான கேக்காது? நான் தடிச்ச குரல்ல கத்திக் காட்டுறேன். சரியா இருக்கானு சொல்லுங்க."

தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். மூன்று முறை கத்தினாள். நிறுத்தினாள். ஒரு முறை கத்தினாள். அந்தக் கடைசி ஒன்றுக்கு முன்னால் தவளை ஒரு நொடி தயங்கும். கத்தலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி இருக்கும். நானே மறந்துபோயிருந்தேன். அவள் அந்தத் தயக்கத்தையும் விடாமல் பிடித்திருந்தாள்.

எனக்குக் கேட்டது. மறுபடி போட்டேன், மறுபடியும் கேட்டது. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்த மனைவி, என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"தவளை கத்துது" என்றேன்.