பேர் கூப்பிட்டபோது

இலங்கையில் கண்டிக்கு மேலே மடுல்கெல்லப் பக்கம், மேற்பிரிவுத் தோட்டத்தில் அங்கம்மாவை ஒரு காலத்தில் ‘வாய்க்காரி’ என்றார்கள். மாகாண சபைக்குத் தெரிவான பிறகு ‘மெம்பரம்மா’ என்றார்கள். இரண்டையும் ஒரே சிரிப்போடுதான் சொன்னார்கள்.

அவர் பிறந்தபோது அவருக்கு நாடு இல்லை. அப்பாவுக்கும் இல்லை. தேயிலை இந்த நாட்டினுடையது, அதைப் பறிக்கிற கை மட்டும் எந்த நாட்டினுடையதுமல்ல என்று சட்டம் இருந்தது. முப்பது வயது தாண்டித்தான் குடியுரிமையும் வாக்குரிமையும் வந்தன. முதல் தடவை வாக்களித்துவிட்டு லயத்து வீட்டுக்கு வந்து, மை பூசிய விரலைக் கணவர் பழனியாண்டியின் மூக்குக்கு நேரே நீட்டி, “பாத்துக்க, நானும் ஒரு ஆளுதான்” என்றாராம்.

பழனியாண்டி, “அத நான் கல்யாணத்தன்னைக்கே பாத்துட்டேன்” என்றாராம்.

அரசியல் அதற்கும் முன்பே, கொழுந்து நிறுக்கும் தராசடியில் தொடங்கிவிட்டது. ஒரு மழைநாள். கொழுந்து குறைவென்று கணக்கப்பிள்ளை அவருக்கு அரைப் பேர் போட்டார். அதாவது அரைநாள் சம்பளம். அங்கம்மா கூடையை இறக்கிவைத்து அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

“நனைஞ்சது முழு அங்கம்மா. அரை அங்கம்மாவ எங்கய்யா கண்டீங்க?”

பின்னால் நின்ற பெண்களும் ஒவ்வொருவராகக் கூடையை இறக்கினார்கள். இருட்டுவதற்குள் எல்லோருக்கும் முழுப் பேர் விழுந்தது. அந்த வாரமே அவரைத் தொழிற்சங்கத்தின் மாதர் தலைவி ஆக்கினார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் சபைத் தேர்தல் வந்தபோது, சங்கத்தின் கட்சிக்கு ஒரு பெண் பெயர் தேவைப்பட்டது. கண்டி டவுனில் இரும்புக்கடை வைத்திருந்த நடராஜாதான் கட்சிக்கு எல்லாம். அங்கம்மா தோற்பார், பெண்களின் வாக்கு மட்டும் கட்சிக்கு வரும் என்பது அவருடைய கணக்கு. பெண்கள் வேறு கணக்குப் போட்டு, பட்டியலில் ஆளைத் தெரிகிற விருப்பு வாக்கை அங்கம்மாவின் இலக்கத்துக்கே குத்தினார்கள். அதே பட்டியலில் வென்ற நடராஜாவும் அவரும் ஒன்றாகச் சபைக்குப் போனார்கள்.

“சபையில ஒண்ணும் பேச வேணாம் அங்கம்மா. நான் எந்திரிச்சா எந்திரிங்க, உக்காந்தா உக்காருங்க” என்றார் நடராஜா.

“மூச்சு எப்படிங்க தலைவரே? நீங்க விடுறப்பதான் நானும் விடணுமா?”

அங்கம்மா பதவியேற்று அதிக காலம் ஆகவில்லை, அந்தப் பிரேரணை வந்தது. பிள்ளைகள் குறைந்த பாடசாலைகளை மூடி, பக்கத்துப் பெரிய பாடசாலைகளோடு சேர்ப்பது. மேற்பிரிவுப் பாடசாலையும் அதில் இருந்தது. நடராஜா ஆளும் தரப்புக்கு ஏற்கனவே தலையாட்டியிருந்தார்.

“டவுன் பள்ளிக்கூடம் பெருசுதான் மெம்பரம்மா” என்றாள் அடுத்த லயத்து ரத்தினம்மா. “அம்புட்டுத் தூரம் யாரு கூட்டிட்டுப் போறது? நாம மலையில கொழுந்தெடுத்துக்கிட்டு நிப்போம். ஆம்பளப் பிள்ளைங்க நடந்துருவானுங்க. எம் பொண்ணு, புள்ளைங்கள விட்டுட்டுப் போற புள்ளைக்காம்பராவுல கைப்பிள்ளை பாத்துக்கிட்டு நின்னுரும்.”

“என் வாயில அதுக்குச் சரின்னு வராது” என்றார் அங்கம்மா.

வாக்கெடுப்பு நாளன்று தோட்டத்திலிருந்து போயிருந்த நானும் பார்வையாளர் வரிசையில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் இருந்தேன். பெயர் கூப்பிட்டு வாக்கெடுத்தார்கள். ஒவ்வொருவரும் எழுந்து ஆம் அல்லது இல்லை சொல்லவேண்டும். செயலாளர் வாசித்தார்:

“சின்னமுத்து அங்கம்மா.”

அங்கம்மா துள்ளி எழுந்தார். “வந்திருக்கேங்க!”

மண்டபம் சிரித்தது. தோட்டத்தில் விடியற்காலைதோறும் பெரட்டுக்களத்தில் ஆட்களைக் கூட்டி, பெயர் வாசித்து வேலை பிரிப்பார்கள். பெயரைக் கேட்டதும் சொல்கிற பதில் அது. அவர் யோசிப்பதற்குள் உடம்பு முந்திக்கொண்டது.

நடராஜா பாதி எழுந்து, புதியவர், ஆம் என்றுதான் சொல்கிறார் என்று சிங்களத்தில் விளக்கினார். செயலாளர் அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த பெயரைத் தொடங்கினார்.

அங்கம்மா உட்காரவில்லை.

“வாடி வென்ன, மந்திரிதுமிய” என்று தவிசாளர் உட்காரச் சொன்னார். அங்கம்மா நின்றுகொண்டேயிருந்தார். நடராஜா அவருடைய முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

“உக்காருங்க அங்கம்மா, மானம் போகுது.”

“யார் மானம்? மொதல்ல முந்தானைய விடுங்க.”

பிறகு தவிசாளரைப் பார்த்துப் பேசினார். மொழிபெயர்ப்பாளர் அவசர அவசரமாக ஒலிவாங்கியைத் தேடினார்.

“எங்க தோட்டத்துல பேர் கூப்பிட்டா வந்திருக்கேன்னு சொல்லுவோம். வந்தோம்னுதான் அதுக்கு அர்த்தம். சொல்றதுக்கெல்லாம் சரின்னு அர்த்தமில்ல. தப்பாச் சொன்னது நான். சிரிச்சுட்டீங்க, சரி. இப்ப இன்னொரு தரம் கூப்பிடுங்க.”

பதிந்ததை மாற்ற வழக்கமில்லை என்றார்கள்.

“அப்ப உக்காரவும் எனக்கு வழக்கமில்ல.”

அவர் நிற்கும்வரை அடுத்த பெயரை வாசிக்க முடியவில்லை. முதலில் சிரிப்பு நின்றது; பிறகு முணுமுணுப்பும் நின்றது. எதிர்த்தரப்பில் யாரோ, கூப்பிட்டுத் தொலையுங்களேன் என்றார்கள். தவிசாளர் செயலாளரிடம் கையசைத்தார்.

“சின்னமுத்து அங்கம்மா.”

“இல்ல!” என்றார். யாரும் இனி விளக்கம் சொல்ல வேண்டாமென்று சிங்களத்திலும் ஒரு தரம்: “நே!”

ஆனாலும் பிரேரணை நிறைவேறியது. வெளியே வந்ததும் நடராஜாவுக்கு முகம் கறுத்திருந்தது.

“கட்சியிலேருந்து தூக்கிருவோம், தெரியும்ல?”

“தூக்கிப் பாருங்க. நான் கொஞ்சம் கனம்.”

கட்சி வாகனம் அவரை ஏற்றவில்லை. வத்தேகம பஸ்ஸில் நின்றுகொண்டே போனார்.

பாடசாலையைப் பூட்ட அதிகாரி ஒருவர் மேற்பிரிவுக்கு வந்தபோது, வகுப்புகளில் பிள்ளைகள் இருந்தார்கள். வாசலில் தாய்மார் இருந்தார்கள். படியில் அங்கம்மா இருந்தார்.

“மிஸ், சபையில தோத்துட்டீங்க தானே?” என்றார் அதிகாரி.

“தோத்தது ஓட்டு. பள்ளிக்கூடம் இங்கதான் இருக்கு.”

மறுநாள் பொலிஸாரோடு வந்தார். அன்றும் ஒரு பெண்கூட மலைக்குப் போகவில்லை. கொழுந்து முற்றத் தொடங்கியது. கடைசியில் தோட்டத்தை நடத்தும் துரையே கண்டிக்குத் தொலைபேசி எடுத்து, என் பெண்களை எனக்குத் திருப்பித் தாருங்கள், அந்தப் பாடசாலை இருந்துவிட்டுப் போகட்டும் என்று கத்தினாராம்.

மூடுவதை அடுத்த பாடசாலைத் தவணைவரை ஒத்திவைத்திருப்பதாக அதே அதிகாரிதான் வந்து சொன்னார். ரத்தினம்மா அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்தாள்.

“குடிச்சுட்டுப் போங்க சேர்” என்றார் அங்கம்மா, படியிலிருந்து எழாமலே. “அடுத்த தவணைக்கும் வாங்க. நாங்க இங்கதான் இருப்போம்.”